கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டாரத்தில் கடலைக்காட்டிலும் தென்னந்தோப்பிலும் நாற்பது வருடம் கூலிக்குப் போனவர். மாமா இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகன் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கிணத்துக்கடவுப் பக்கம் நூற்பாலையில் இருக்கிறான். அவன் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. குடியிருப்பது வாடகை வீட்டில்.

போன மாதம் அத்தை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: “கண்ணு, நீ கணக்கு எழுதுகிறவன். நான் என் ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு அவனோடு போய்ச் சேரட்டுமா, அவர்களை இங்கே வரச் சொல்லட்டுமா? எது லாபம்?”

எங்கள் ஊருக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். எங்களுடையது சித்தூர் தாலுகா; ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கொச்சி ராஜ்யத்தின் கிழக்கு மூலையாக இருந்து, 1956 நவம்பர் 1 அன்று கேரளத்துக்குள் வந்த மண். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகப் படிவத்தில் மட்டும் மலையாளம். கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எந்த வழியில் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். இங்கே கல்யாணம் பேசும்போதே ‘பையனுக்கு எந்தப் பக்கத்துக் கார்டு’ என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் கார்டு வைத்திருந்த சாமர்த்தியசாலிகளும் ஒரு காலத்தில் உண்டு. ஆதார் வந்து அந்தக் கதையை முடித்துவிட்டது. ஆகவே இப்போது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நான் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். கீழே வரும் தொகைகள் எல்லாம் 2025-26 நிலவரம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த மாநிலம் நல்ல மாநிலம் என்ற பட்டிமன்றத்தால் அத்தைக்குப் பயனில்லை. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில் கேரளத்தில் வறியவர்கள் 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமத்து ஆள் ஒருவரின் மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310, நாடு முழுவதற்கும் சராசரி 3,773. இரண்டு பேருமே வகுப்பில் முன் பெஞ்சு. போய்ச் சேர்ந்த இடம் ஏறத்தாழ ஒன்றுதான், வந்த வழி வேறு. கேரளம் நிலத்தையும் கூலியையும் முதலில் கவனித்தது. தமிழ்நாடு அரிசியையும் சோற்றையும் பஸ்ஸையும் கையில் கொண்டுவந்து கொடுத்தது. அந்த வழி வேறுபாடுதான் அத்தையின் கணக்கில் ஒவ்வொரு வரியிலும் தலைகாட்டுகிறது.

அரிசி

தமிழ்நாட்டில் அரிசிக் கார்டு இருந்தால் போதும், 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்கு விலையில்லை. நீ ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் எல்லோருக்கும் என்ற கொள்கையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுக்கவில்லை.

கேரளமும் 1960களிலிருந்து எல்லோருக்கும் ரேஷன் கொடுத்த மாநிலம்தான். 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்ததில் அந்தக் கட்டுக்கோப்பு குலைந்தது. இன்று கார்டுக்கு நான்கு நிறம், மிக ஏழையிலிருந்து தொடங்கி: மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை. பிங்க் என்றால் தலைக்கு 4 கிலோ அரிசியும் 1 கிலோ கோதுமையும் இலவசம். நீலம் என்றால் தலைக்கு 2 கிலோ அரிசி, கிலோ 4 ரூபாய். வெள்ளைக் கார்டுக்காரருக்குக் கிலோ 10 ரூபாய் 90 காசு, அதுவும் கையிருப்பைப் பொறுத்தது. அத்தையுடையது பிங்க். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

பிங்க் கார்டு நிலைக்க வேண்டுமானால் குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வீடு ஆயிரம் சதுர அடிக்கு மேல் கூடாது, நான்கு சக்கர வண்டி கூடாது, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது. இவற்றில் அத்தை குடும்பத்துக்கு உயிர்நாடி முதல் நிபந்தனைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடையில் ஒரு காட்சி. விடியற்காலையில் எல்லைக்கு அருகே டீக்கடையில் நின்றால், மொபட்டில் காலிடுக்கில் மூட்டையை வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் கேரளத்துக்குள் வருகிறவர்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு ரேஷன் அரிசி. அங்கே விலையில்லை, இங்கே விலை உண்டு. அந்த இடைவெளியில் ஒரு தொழில். எல்லோருக்கும் கொடுத்தால் வேண்டாதவனுக்கும் போகும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அதே டீக்கடையில், நிறம் மாற்றித் தரச்சொல்லித் தாலுகா சப்ளை ஆபீசுக்கு மூன்றாவது முறையாக நடக்கிறவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தவறுகளில் எது மோசம் என்று என்னைக் கேட்டால், மூட்டை போய்த் தொலையட்டும் என்பேன்.

பென்ஷன்

இந்த வரியில் கேரளத்துக்கு எதிர்ப்பேச்சே இல்லை. விவசாயத் தொழிலாளர் பென்ஷனை 1980இல் முதல்வர் ஈ.கே. நாயனாரின் அரசு மாதம் 45 ரூபாய் என்று தொடங்கியது. 2021இலிருந்து 1,600. 2025 நவம்பரிலிருந்து 2,000. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. வித்தியாசம் மாதம் 800, வருடத்துக்கு 9,600.

தொகையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே அதன் பெயர் உதவித்தொகை. தாசில்தார் அலுவலகம் முடிவு செய்கிறது. இங்கே அதன் பெயர் பென்ஷன். கிராம பஞ்சாயத்து முடிவு செய்கிறது. வார்டு மெம்பர் அத்தையின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறார். பெயர் விடுபட்டால் அத்தை தெருவில் நிறுத்திக் கேட்பார், கேட்டும் இருக்கிறார். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் அதிகாரத்தையும் பணத்தையும் பஞ்சாயத்துக்கு இறக்கியதன் பலன் புத்தகத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ தெரியாது. எங்கள் தெருவில் அது இப்படித்தான் தெரிகிறது. கூட்டுறவு வங்கியிலிருந்து ஆள் வந்து, பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆனால் வந்தால்தான் பென்ஷன். 2023-24இல் மாதக்கணக்கில் வரவில்லை. இடுக்கி மாவட்டம் அடிமாலியில் முதிய பெண்கள் இருவர் 2023 நவம்பரில் சட்டி ஏந்தித் தெருவில் இறங்கியது நாடு முழுவதும் செய்தியானது. அந்த நாட்களில் அத்தை என்னிடம் இரண்டாயிரம் கடன் வாங்கினார். திரும்பக் கொடுத்தபோது நான் வேண்டாம் என்றேன், அவர் விடவில்லை. பென்ஷனுக்காகவே கேரளம் 2018இல் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பேரில் கடன் வாங்கியது. அந்தக் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள்தான் சேர்ப்பேன் என்றது மத்திய அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வுக்கு மாற்றப்பட்டது. மத்திய வரிப் பங்கில் பத்தாவது நிதிக் குழு காலத்தில் 3.875 சதவீதம் பெற்ற மாநிலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் குழு 1.925 தான் ஒதுக்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குக் கிடைத்த பரிசு என்று இரண்டு பக்கமும் இதைச் சொல்லிக் கசப்பாகச் சிரிக்கிறார்கள்.

ஆகவே பென்ஷன் வரியில் கேரளத்துக்கு 2,000 என்று எழுதி, பக்கத்தில் ‘தாமதம் உண்டு’ என்று சிறிய எழுத்தில் குறித்துக்கொண்டேன்.

யாருடைய ஆயிரம்?

தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் ஆயிரம், ஒரு கார்டுக்கு ஒரு பெண். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மருமகள் வாங்குகிறாள். கேரளமும் 2025 அக்டோபரில் ஓர் ஆயிரத்தை அறிவித்தது: 35 முதல் 60 வயதுக்குள், வேறு பென்ஷன் வாங்காத, மஞ்சள் அல்லது பிங்க் கார்டுப் பெண்ணுக்கு. மருமகளுக்கு வயது 36. ஆக, கார்டு பிங்க்காக இருக்கும்வரை இரண்டு பக்கமும் ஓர் ஆயிரம் உண்டு. சரிக்குச் சரி என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். அத்தைதான் நிறுத்தினார்.

“அங்கே போனால் நான் அந்தக் கார்டில் யார்?”

நல்ல கேள்வி. கேரளத்துக் கார்டில் குடும்பத் தலைவி என்ற இடத்தில் அத்தையின் பெயரும் படமும் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டின் மூத்த பெண்ணே தலைவி. மகன் வீட்டுக் கார்டில் போய்ச் சேர்ந்தால் ஐந்தாவது பெயர். அங்கே முதியோர் தொகை கிடைத்தாலும், அது பாங்கிலிருந்து வீடு வந்து சேரும்போது யாருடைய பணம்? மருமகள் கெட்டவள் இல்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு பெண்கள் தனித்தனியே கையில் வைத்திருக்கும் 2,000மும் 1,000மும், ஒரே அடுப்படியில் சேரும்போது அப்படியே இரண்டு பேரிடமும் இருப்பதில்லை. வருமானப் பங்கீடு என்றால் பணக்காரனுக்கும் ஏழைக்கும் இடையில் நடப்பது என்றே பேசுகிறோம். ஒரே வீட்டுக்குள் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையிலும் அது நடக்கிறது. எந்தக் கணக்கெடுப்பிலும் அது பதிவாவதில்லை. கணவன் கையில் போகாமல் பெண்ணின் கணக்கில் போட்டது தமிழ்நாடு செய்த பெரிய காரியம். எந்தப் பெண் என்ற கேள்வியை மட்டும் வீட்டுக்கு விட்டுவிட்டது.

கூலி

இனிதான் பெரிய தொகை. ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2022-23ஆம் ஆண்டுக்குக் கிராமத்துக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852 ரூபாய் 50 காசு, தமிழ்நாட்டில் 500 ரூபாய் 90 காசு. விவசாயக் கூலி இங்கே 764, அங்கே 470. நாட்டின் சராசரி இரண்டிலும் 400க்குக் கீழே. சங்கம் வைத்துப் போராடியது, நிலச் சீர்திருத்தம், வளைகுடாவுக்கு ஆட்கள் போனதில் ஏற்பட்ட ஆள் பற்றாக்குறை என்று மூன்றும் சேர்ந்து ஏற்றிய கூலி இது. அரசு கையில் எடுத்துக் கொடுக்கும் எந்த ஆயிரமும் இந்த 350 ரூபாய் நாள் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மாதம் மூன்று நாள் வேலை செய்தாலே ஆயிரம் வந்துவிடுகிறது.

மகன் ஆலையில் சேர்வதற்கு முன் கட்டட வேலை செய்தவன். இங்கே வந்து மாதம் 22 நாள் வேலைக்குப் போனால் 850 வீதம் 18,700. மனைவியின் தையலில் 6,000. மொத்தம் 24,700. மேலே சொன்ன 25,000 ரூபாய்க் கோட்டுக்கு முந்நூறு ரூபாய் கீழே. பென்ஷனைச் சேர்க்காமலே இந்த நிலை. அவன் கூடுதலாக ஒரே ஒரு நாள் கலவை போட்டால் 25,550. தாளில் எழுதியபடி பார்த்தால், அந்த ஒரு நாள் கூலியில் ஐந்து பேருக்கான பிங்க் கார்டு நீலமாகிறது, இருபது கிலோ இலவச அரிசி பத்து கிலோவாகிறது, கோதுமை நிற்கிறது, மருமகளின் ஆயிரமும் போகிறது. 850 சம்பாதித்து அதைவிடக் கூடுதலாக இழப்பது. நடைமுறையில் கூலிக்காரனின் 23ஆவது நாளை யாரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எண்ணிவிடுவார்களோ என்ற பயம் இங்கே ஒவ்வொரு பிங்க் வீட்டிலும் உண்டு. பைக் வாங்கியவன் கார் வாங்கத் தயங்குவதற்கும், ஓட்டு வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையைச் சத்தமில்லாமல் கட்டுவதற்கும் காரணம் அதுவே. தகுதிக்கோடு போட்டுக் கொடுக்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்தப் பள்ளம் உண்டு. தமிழ்நாட்டின் இரண்டரை லட்சமும் அப்படித்தான். அரிசிக்கு மட்டும் அங்கே அந்தப் பள்ளம் இல்லை.

அடுத்து, 22 நாள் வேலை கிடைக்குமா? அத்தை உடனே உதட்டைப் பிதுக்கினார். ஜூனில் மழை பிடித்தால் கட்டட வேலை குறைகிறது. காலையில் வேலை தேடி முச்சந்தியில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் இங்கே சுவர் எழும்பாது. ஆனால் ஏழு வருடம் கழித்துத் திரும்பி வருகிற உள்ளூர்க்காரனுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்க எந்த மேஸ்திரியும் காத்திருக்கவில்லை. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலையின்மை கேரளத்தில் 7.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5. உயர்ந்த கூலி, குறைந்த வேலை. வருடம் முழுவதற்கும் சராசரியாகப் பதினாறு நாள் என்று வைத்தால் 13,600. ஆலையில் நாளுக்கு 500 வீதம் 26 நாளுக்கு 13,000, அதற்கு மேல் பிஎஃப், இஎஸ்ஐ. பெரிய தொகை என்று தொடங்கிய வரி கடைசியில் இப்படிக் கரைந்தது. மகன் ஆலையிலேயே இருக்கட்டும் என்பதில் எனக்கு அப்புறம் சந்தேகம் இல்லை.

பத்து சென்ட்

தாளில் எழுத மறந்த ஒன்று அத்தையின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது: அவர் வீடு.

அத்தையின் மாமனார் ஒரு பண்ணையில் குடிகிடப்புக்காரர். முதலாளியின் நிலத்தில் குடிசை போட்டு, அவர் நிலத்தில் வேலை செய்து, அவர் போகச் சொன்னால் போக வேண்டிய நிலை. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969 திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, குடியிருந்த இடம் குடியிருந்தவனுக்கு என்று ஆயிற்று. பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை. மாமனார் பத்து சென்டுக்குச் சொந்தக்காரரானார். மூன்று மகன்கள் பங்கு பிரித்ததில் அத்தை வீட்டுக்கு மூன்று சென்டும் சொச்சமும். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு முருங்கை.

மகன் கிணத்துக்கடவில் மாதம் 4,500 வாடகை கொடுக்கிறான். வருடத்துக்கு 54,000. இரண்டு மாநிலத்துத் திட்டங்களையும் கூட்டிக் கழித்து நான் கண்ட வித்தியாசங்கள் எல்லாம் சேர்ந்தும் இந்தத் தொகைக்கு வரவில்லை. ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் எடுத்த ஒரு கொள்கை முடிவு இன்னும் மாதம் 4,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறது, விண்ணப்பம் கேட்காமல், கார்டு நிறம் பார்க்காமல், தாமதமில்லாமல். தமிழ்நாட்டிலும் 1971இல் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளிக்கு அவன் குடியிருந்த மனையை உரிமையாக்கியது. ஆனால் மகன் போய்ச் சேர்ந்தது ஆலைகளுக்கு நடுவில், வாடகைக்கென்றே வரிசையாகக் கட்டிய வீடுகளில். அங்கே அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை.

கேரளத்துச் சீர்திருத்தத்தையும் பூஜையில் வைக்க வேண்டியதில்லை. தோட்டங்களுக்கு விலக்களித்தது. உழுத குத்தகைக்காரனுக்கு வயல் கிடைத்தது. கூலிக்கு உழைத்தவனுக்குப் பத்து சென்டோடு நின்றது. மூன்று சென்டில் மூன்றாம் தலைமுறை என்ன செய்யும் என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் பதில் சொல்ல ஆளில்லை.

சில்லறை வரிகள்

வைத்தியத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து லட்சம் வரை காப்பீடு, இரண்டு பக்கமும் சர்க்கரை மாத்திரை இலவசம். அதிகம் யோசிக்கவில்லை. பஸ் மருமகளுக்கு முக்கியம். தைத்த துணியை வாரம் மூன்று நாள் பொள்ளாச்சிக் கடைக்குக் கொண்டுபோகிறாள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதம் நானூறு மிச்சம் என்கிறாள். இங்கே ஏறினால் குறைந்தது பத்து ரூபாய். சின்னவள் மூன்றாம் வகுப்பு. அங்கே பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் கிடைக்கிறது. காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்குப் போகும் வீட்டில் அதன் அருமை தெரியும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எல்லையில் நின்றால் நேரில் பார்க்கலாம். பென்ஷனுக்காகவே கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறோம்? கோபாலபுரம் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொண்டு வருகிறோம். நானும்தான். திரும்பி வரும்போது எதிரே தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும்: லாட்டரிக் கடை. தமிழ்நாட்டில் 2003இல் தடை. கேரளத்தில் அது 1967இல் தொடங்கிய அரசுத் தொழில். தமிழ்நாட்டுக்கு டாஸ்மாக் இருக்கிறது. 2023-24இல் அதன் வருவாய் 45,855 கோடி. உரிமைத் தொகையைத் தொடக்கத்தில் பெற்ற 1.06 கோடிப் பெண்களுக்கு வருடத்துக்கு ஆன செலவு, பன்னிரண்டாயிரத்தால் பெருக்கினால் 12,720 கோடி. சாராயத்தில் வந்தது அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல். மாமா உயிரோடு இருந்தவரை வாரக் கூலியில் அந்தப் பக்கத்துக் கடைக்கு ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. ஏழைக்குக் கொடுப்பதை எந்தக் கையிலிருந்து எடுக்கிறார்கள் என்பதைத் தாளின் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

கூட்டல்

அரிசியை இரண்டு பக்கமும் சமமென்று விட்டுவிட்டு, மாதக் கணக்கு இப்படி வந்தது.

எல்லோரும் தமிழ்நாட்டில் என்றால்: ஆலை 13,000, தையல் 6,000, முதியோர் தொகை 1,200, உரிமைத் தொகை 1,000, வாடகை 4,500 போகக் கையில் 16,700.

அத்தை இங்கே, மகன் குடும்பம் அங்கே என்றால்: அத்தைக்கு 2,000, அவர்களுக்கு வாடகை போக 15,500. மொத்தம் 17,500.

வீடு இங்கே, வேலை அங்கே என்றால்: ஆலை 13,000, தையல் 6,000, பென்ஷன் 2,000, பெண்ணுக்கு 1,000, மொத்தம் 22,000. போக்குவரத்துக்கு 2,000 கழித்தால் 20,000. குடும்ப வருமானம் 19,000 என்பதால் பிங்க் கார்டுக்கும் ஆபத்தில்லை.

மூன்றாவதுதான் என் பரிந்துரை. எங்கள் தாலுகாவில் எத்தனையோ பேர் செய்வதும் இதுதான்: கேரளத்தின் மண்ணில் படுத்து, தமிழ்நாட்டின் ஆலையில் உழைத்து, அங்கேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவது. அத்தை மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு அங்கே போவது இருப்பதில் மோசமான வழி. மாதம் 800 ரூபாயும், கார்டில் முதல் பெயரும், வாசலில் நிறுத்திக் கேட்க ஒரு வார்டு மெம்பரும் ஒரே நாளில் போய்விடும். மகன் வீட்டில் சில வாரம் தங்கினால்கூட, ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வழியாக மத்தியப் பங்குத் தானியத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்காகக் கார்டை ஒப்படைக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தபோது தாளைக் காட்டினேன். மகன் தலையாட்டினான். மருமகள் ஒன்றும் சொல்லாமல் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். ஓர் அறை, ஐந்து பேர். மூத்தவள்தான் பேசினாள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு; கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே நிபந்தனை. ஒன்பதாவதில் இங்கே வந்தால் இரண்டும் போய்விடும் என்றாள். டீச்சர் வகுப்பில் சொன்னாராம்.

நான் அந்தப் புதுமைப் பெண் தொகையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். மூன்று வருடக் கல்லூரிக்கு 36,000. பிரிந்து இருப்பதால் குடும்பத்துக்கு ஆகும் நஷ்டம் மாதம் 2,500, வருடத்துக்கு 30,000. வெறும் தொகையாகப் பார்த்தால் கட்டாது. ஆனால் ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஒரு பொறியியல் இடத்துக்கு எந்த விலையை எழுதுவது? அந்த 2,500ஐ நஷ்டம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பள்ளிக் கட்டணம் என்று மாற்றினேன். பெயருக்கு இலவசப் பள்ளி.

அத்தை கடைசிவரை தாளைப் பார்க்கவேயில்லை. “அவள் படிப்பு முடிகிறவரைக்கும் அவர்கள் அங்கேயே இருக்கட்டும் கண்ணு. என் கார்டு என் பேரிலேயே இருக்கட்டும்” என்றார். பிறகு முருங்கை மரத்தைக் காட்டி, அதை வெட்டினால் அந்த இடத்தில் இன்னோர் அறை எழுப்ப அனுமதி கிடைக்குமா என்று கேட்டார். நான்கு வருடம் கழித்துத் தேவைப்படுமாம்.

புதன்கிழமை பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகிறேன். மூன்று சென்ட் மனையில் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே எவ்வளவு விட வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். படிவம் மலையாளத்தில்தான் இருக்கும்.